ஒரு சொட்டும் புகாத குழாய்

பத்தடிக் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் சந்தை நெரிசலுக்குள் நுழைந்து, ஒருவர் சட்டையிலும் உரசாமல் மறுபக்கம் வெளியே வருகிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் அது வாஷராகத்தான் இருக்கும். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று எங்கோ கிடக்கிறது. தெருவுக்கு அது தேவைப்படவில்லை. ஒருமுறை டீக்கடையில் காசென்று நினைத்துப் பையிலிருந்து ரப்பர் வாஷரை எடுத்து நீட்டிவிட்டார். கடைக்காரர் அதை வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, "மிச்சத்துக்கு ஒரு குழாய் தரட்டுமா?" என்றார். அன்றோடு பழைய பெயர் ஒழிந்தது.

பிளம்பர் வேலை அவருக்குத் தொழில் மட்டுமல்ல, ஒருவிதமான வியாதி. யார் வீட்டுக்குப் போனாலும் "வாங்க, உட்காருங்க" என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் இவர் காது சமையலறைப் பக்கம் திரும்பிவிடும். எங்காவது சொட்டுச் சத்தம் கேட்டால் போதும், காபி ஆறினாலும் சரி, ரெஞ்ச்சோடு எழுந்துவிடுவார். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனபோதும் அதே கதைதான். மாப்பிள்ளையைக் காணோமே என்று தேடினால், புதுச் சட்டையோடு தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். மாமனார் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர், வாய்த்துடுக்கு அதிகம். "பரவாயில்லை, ஒழுகுற குழாயை நிறுத்தத் தெரிஞ்சவன் என் பொண்ணை அழ வைக்க மாட்டான்" என்று அப்போதே சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. பஞ்சு. பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஊசி இறங்கியதும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது. "பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்று அவள் சொல்லும்போதுதான் வேலை முடிந்துவிட்டது என்றே தெரியும். கைநரம்பு கிடைக்காத குழந்தைகளையும் கிழவர்களையும் மற்றவர்கள் அவளிடம்தான் அனுப்புவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கையின் அருமையை ஊரே அறியும், கட்டிய புருஷனைத் தவிர. வாஷருக்கு ஊசி என்றால் குலை நடுங்கும். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொல்லி டாக்டர் எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "அடுத்த வாரம்" என்பார். அந்த அடுத்த வாரம் வந்தபாடில்லை.

"ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் என்கிட்ட கையை நீட்டுறாங்க. நீங்க மட்டும் ஓடுறீங்க" என்பாள் பஞ்சு.

"கல்யாணத்தன்னைக்கே கையைக் கொடுத்துட்டேனே, இன்னும் என்ன?" என்பார் இவர்.

பஞ்சுவுக்குப் பூல் ஆட்டம் பிடித்த கதை சின்னதுதான். டாக்டர்களின் ஓய்வறையில் யாரும் தொடாமல் கிடந்த பூல் மேசையை ஊழியர்கள் சாப்பிடும் அறைக்குத் தள்ளிவிட்டார்கள். அதன்மேல் சாப்பாட்டுப் பைகளை வைக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பஞ்சு ஒருநாள் விளையாட்டாகக் கோலை எடுத்தாள். வெள்ளைப் பந்தைக் கோலால் குத்தி, அது போய் இன்னொரு பந்தை இடித்து, அந்தப் பந்து மூலைக் குழியில் விழ வேண்டும், ஆட்டம் அவ்வளவுதான். மெல்லிய நரம்பைத் தேடிப் பழகிய கைக்கு அது தண்ணீர் பட்ட பாடாக வந்தது. வருஷம் திரும்புவதற்குள் ஆஸ்பத்திரி அணியில் அவள்தான் முதல் ஆள். வாரத்தில் ஒருநாள் ஊரிலுள்ள பூல் ஹாலில் பயிற்சி, அவ்வப்போது மற்ற அலுவலக அணிகளோடு போட்டி. ஆண்கள் தோற்றுவிட்டுக் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், குறை கோலில்தான் என்பதுபோல. பஞ்சு சிரித்துக்கொண்டே சொல்வாள்: "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

இந்தப் பழமொழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளைக் கவிழ்த்ததே இதுதான்.

மிச்சம் பிடித்துச் சொந்தமாக ஒரு கோல் வாங்கினாள். கியூ என்பார்கள் அதை. வாஷருக்கு அது குச்சி. இரண்டு துண்டாகக் கழற்றலாம்: கைபிடிக்கும் தடித்த அடித்துண்டு, பந்தைத் தொடும் மெல்லிய மேல்துண்டு. வாங்கிய அன்றே தொடங்கியது இதை எப்படி வண்டியில் கொண்டுபோவது என்கிற தலைவலி.

முதலில் கழற்றாமலே நீளமான துணிப்பையில் போட்டுப் பஞ்சு முதுகில் மாட்டிக்கொண்டாள். பின்சீட்டில் உட்கார்ந்தவளின் தலைக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. வாகனம் நிறுத்துமிடத்தில் தடுப்புக் கம்பத்துக்குக் கீழே வாஷர் வழக்கம்போலக் குனிந்து நுழைந்துவிட்டார். அவளும் குனிந்தாள். பை குனியவில்லை. 'டங்' என்ற சத்தத்தில் காவலாளி ஓடி வந்துவிட்டார். அடுத்த முறை பையைக் குறுக்கே மடியில் வைத்துக்கொண்டாள். அதன் முனை ஒரு முட்டை வண்டியில் இடித்து, வண்டிக்காரரின் வாயில் அன்றைக்கு விழுந்து எழுந்தது மறக்கக்கூடிய அனுபவமில்லை. மூன்றாவதாக, வாஷரே தன் முதுகுக்கும் அவளுக்கும் நடுவில் நிறுத்திப் பார்த்தார். ஒவ்வொரு பிரேக்குக்கும் அது அவள் மூக்கைத் தேடி வந்தது.

"சக்களத்தி மாதிரி நடுவுல வந்து உக்காந்துக்கிட்டா பாருங்க" என்றாள் பஞ்சு, மூக்கைத் தேய்த்துக்கொண்டு.

வாஷருக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்தடிக் குழாயைக் கொண்டுபோகிறவனுக்கு ஒரு குச்சி பெரிசா? ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் உட்கார்ந்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். கைநீளத்துக்குச் சற்றே கூடுதலாக, தடித்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வெட்டினார். ஒரு முனையைப் பசை போட்டு நிரந்தரமாக அடைத்தார். மறுமுனைக்கு மரையுள்ள மூடி, அதற்குள் ரப்பர் வாஷர், மரையில் வெள்ளை டேப் சுற்று. உள்ளே இரண்டு துண்டும் ஆடாமல் இருக்க மெத்தைப் பஞ்சு. சைலன்சர் வலப்பக்கம் இருந்ததால், சூடு படக் கூடாதென்று குழாயை இடப்பக்கம், சீட்டுக்கு அடியில், வண்டியின் நீளவாக்கில் கிளாம்ப் போட்டு இறுக்கினார். அந்த அளவுக்கு விவரமானவர். முன்னாலும் நீட்டவில்லை, பின்னாலும் நீட்டவில்லை, யார் மூக்கையும் தேடவில்லை. வண்டியின் நிறத்துக்குப் பொருத்தமாகக் கறுப்புப் பெயின்ட் இரண்டு பூச்சு.

பிறகு பரீட்சை. உள்ளே ஒரு செய்தித்தாளைச் சுருட்டி வைத்து, மூடியைத் திருகி, குழாய் மேல் வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றினார். திறந்தால் தாள் மொறுமொறுவென்று இருந்தது.

"ஒரு சொட்டு உள்ள போகாது. வெள்ளமே வந்தாலும் உன் குச்சி நனையாது" என்றார்.

எதிர்வீட்டு டெய்லர் தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து பார்த்தார். "அண்ணே, இதுல குச்சி வைக்கப் போறீங்களா, ராக்கெட் விடப் போறீங்களா?"

போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தி, இது என்ன துப்பாக்கியா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் தன் மீன்பிடி கோலுக்கு இப்படி ஒன்று செய்து தர முடியுமா என்று விசாரித்தார். வாஷர் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. மூடி அவ்வளவு இறுக்கம், அவர் கை வைத்தால்தான் திறக்கும். போட்டி நாளில் ஹால் வாசலில் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, இரண்டு துண்டையும் எடுத்து அவள் கையில் கொடுப்பார். ஆட்டம் முடிந்ததும் வாங்கி வைத்து மூடுவார். ஆட்டத்தின் விதி ஒன்றும் அவருக்கு விளங்காது. பெஞ்சில் உட்கார்ந்து, பஞ்சு பந்தைக் குழியில் விழவைத்தால் தலையாட்டுவார், எதிராளி விழவைத்தாலும் மரியாதைக்குத் தலையாட்டுவார். திரும்பும்போது பின்சீட்டிலிருந்து அவள் ஆட்டத்தை மறுபடி முழுக்கச் சொல்லிக்கொண்டே வருவாள். இவர் "அப்படியா, அப்படியா" என்று ஓட்டிக்கொண்டே வருவார். மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

வீட்டிலேயே பத்திரமான இடம் அந்தக் குழாய்தான் என்று இருவருமே நம்பியதால், கோல் அதிலேயே குடியிருந்தது. பஞ்சு அதை உள்ளே வைக்கக் கொடுக்கும் முன் ஈரத்துணியால் ஒருமுறை முழுசாகத் துடைப்பாள். ரத்தம் எடுக்கிற இடத்தில் பழகிய கை, எதையும் துடைக்காமல் வைக்காது. இவர் உடனே மூடியைத் திருகி இறுக்குவார். மறுநாள் வண்டி, வேலை நடக்கிற வீட்டு வாசலில் பகல் முழுக்க வெயிலில் நிற்கும்.

நடுக்கோடையில்தான் பஞ்சு தவற ஆரம்பித்தாள்.

முதலில் ஒன்றிரண்டு. பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழுகிற பந்துகள்கூட விளிம்பில் பட்டுத் திரும்பின. ஒருமுறை இடப்பக்கம் விலகியது, அதைச் சரிசெய்து அடித்தால் வலப்பக்கம். ஹால்காரர், "சிஸ்டர், கண்ணைக் காட்டுங்க" என்றார். காட்டினாள், கண்ணில் ஒரு குறையுமில்லை. எப்போதும் ஒரே பக்கம் விலகியிருந்தால் கோலைச் சந்தேகப்பட்டிருக்கலாம். இப்படி மாறி மாறி விலகினால் அது கையின் தப்பாகத்தானே இருக்க முடியும்? மேலும், கோலைக் குறை சொல்கிறவர்களைப் பார்த்து இத்தனை நாள் கூடம் கோணல் என்று சிரித்தவள், இப்போது எந்த முகத்தோடு கோலைத் திருப்பிப் பார்ப்பாள்?

ஹாலிலிருந்து திரும்பும்போது பின்சீட்டில் பேச்சு நின்றுபோனது. வாஷர் கண்ணாடியில் பார்ப்பார். அவள் தன் வலது கையை மடியில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டே வருவாள்.

ஒருநாள் சாயங்காலம் சமையலறையில் அவள் தம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். வாஷர் உள்ளே வந்ததும் சட்டென்று கீழே வைத்தாள். கொஞ்சம் தண்ணீர் சிந்திவிட்டது.

"பாத்தீங்களா" என்றாள்.

"நான் வந்ததுல திடுக்கிட்டுச் சிந்திட்ட. அதுக்கென்ன?"

"இல்லைங்க. எங்கப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு."

 மாமனாரின் கடைசிக்காலப் பலகைகளை அவர் பார்த்திருக்கிறார். நூல் பிடித்ததுபோல் எழுதிய மனிதர். இவள் வயதில்தான் அவருக்குக் கை நடுங்கி எழுத்து அலையத் தொடங்கியது. பிறகு பலகைகள் வரவில்லை. கடைசியில் சோற்றையே ஊட்டித்தான் விட வேண்டியிருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டலாம். உங்க ஆஸ்பத்திரியிலதான் எத்தனை டாக்டர்."

"பயமா இருக்குங்க. அவங்க வாயால பேர் சொல்லிட்டா அப்புறம் இல்லன்னு ஆகாது." அவள் அடுப்பைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "போன வாரம் ஒரு பாட்டிக்கு ரெண்டு தடவை குத்திட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லல. நல்லா இரும்மான்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் தாங்கல."

"மெலிஞ்ச நரம்பா இருந்திருக்கும்."

"மெலிஞ்ச நரம்புக்குத்தானே என்கிட்ட அனுப்புறாங்க? கை நடுங்குதுன்னு தெரிஞ்சும் ஒருத்தர் கையில குத்துறது பாவம்ங்க. நாளைக்கு எங்க லேப் மேடம்கிட்ட சொல்லி டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு மாத்திக்கிறேன். அந்தக் குச்சியை ஹால்காரர்கிட்ட கொடுத்துடுங்க. யாராவது ஆடட்டும்."

குச்சி என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. வாஷருக்குச் சுரீரென்றது. வாழ்க்கையில் எத்தனையோ ஒழுகலை நிறுத்தியிருக்கிறார். அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டு பெண்டாட்டி அழுவதை எந்த வாஷரைப் போட்டு நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. தட்டில் வைத்திருந்த சாப்பாடு வாஷருக்கு இறங்கவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். சொன்ன வேலையை முடித்துவிடுவோம் என்று குழாயின் மூடியைத் திருகினார்.

'பொக்' என்றது.

பிளம்பருக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் ஒத்துப்போகாவிட்டால் வருகிற சத்தம்.  மூடியைத் திருப்பிப் பார்த்தார். உள்பக்கம் முழுக்க முத்து முத்தாய்த் தண்ணீர். விரலை உள்ளே விட்டார், மெத்தைப் பஞ்சு நனைந்திருந்தது. ஈரத்துணியை மறந்து மூட்டைக்குள் வைத்தால் வருமே, அந்த வாடை.

முதலில் அவருக்கு வந்தது கோபம். என் குழாய் ஒழுகுதா? என் குழாயா? கிளாம்ப்பைக் கழற்றி, குழாயைத் தொட்டியில் அமுக்கி, ஒரு குமிழி வருகிறதா என்று முகத்தைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. ஆணி அடித்ததுபோல் அசையாத வேலை. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தவருக்கு மெதுவாக உறைத்தது. வெளியிலிருந்து வரவில்லை. உள்ளேயே இருந்திருக்கிறது. துடைத்த ஈரத்தோடு வைத்து, மூச்சுவிட இடமில்லாமல் அடைத்து, கறுப்புப் பெயின்ட்டும் அடித்து, நாள் முழுக்க வெயிலில் நிறுத்தினால் அது குழாயா? இட்லிப் பானை! மரத்தை வேகவைத்திருக்கிறார், மாதக்கணக்காக.

கோலின் இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார். குழாய் நேராக இருக்கிறதா என்று பார்க்க அவர் அளவுகோல் வைப்பதில்லை, தரையில் உருட்டுவார். அடித்துண்டை உருட்டினார். சமர்த்தாக ஓடி நின்றது. மெல்லிய மேல்துண்டை உருட்டினார்.

நொண்டியது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை நடுவில் எழும்பி எழும்பி, கல்லில் ஏறிய சக்கரம்போல் தடுக்கித் தடுக்கிப் போனது. எடுத்து ஒற்றைக் கண்ணால் நுனியைப் பார்த்தார். மயிரிழைதான் வளைவு. கோலைக் கையில் திருப்பினால் வளைவு இடப்பக்கம் போனது. இன்னும் திருப்பினால் வலப்பக்கம் வந்தது. ஒவ்வொரு முறையும் அவள் அதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாளோ, அந்தப் பக்கம் பந்து விலகியிருக்கிறது.

"கை இல்லை!" என்று கத்தினார் வாஷர். வீட்டில் யாருமில்லை. "கை இல்லடி! குச்சி! குச்சிதான்!"

வாசலுக்கு ஓடி வந்து, கோலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை. எதிர்வீட்டு டெய்லர் கத்திரிக்கோலோடு வெளியே வந்தார்.

"அண்ணே, என்ன ஆச்சு?"

"குச்சி வளைஞ்சு போச்சுப்பா! பாழாப் போச்சு! நான்தான் பாழாக்கினேன்!"

"அதுக்கா இந்த ஆட்டம்?"

"அதுக்குத்தான்!"

போன் செய்யலாம் என்றால் வேலை நேரத்தில் அவள் போன் அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். மேடத்திடம் பேசுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒருமுறை வாய்விட்டு "என் கை நடுங்குகிறது" என்று சொல்லிவிட்டால், ஊசி பிடிக்கும் வேலைக்கு அவளை மறுபடி யார் விடுவார்கள்? வண்டியைக் கிளப்பப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். குச்சியை எப்படிக் கொண்டுபோவது? அந்தக் குழாய்க்குள் மறுபடி வைக்க அவர் கை வரவில்லை. வளைந்த துண்டுதான் சாட்சி. வழியில் அது ஒடிந்தால், "ஒடிஞ்சதால வளைஞ்சிருக்கும்" என்று பஞ்சு சொல்லிவிடுவாள். அவளைத் தெரியாதா?

பத்தடிக் குழாயோடு சந்தைக்குள் புகுந்து வந்த மனிதர், ஒன்றரை முழக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோல் முழித்தார். டெய்லர்தான் கைகொடுத்தார். பழைய போர்வையில் இரண்டு துண்டையும் தனித்தனியாகச் சுற்றி, வாஷரின் முதுகெலும்போடு ஒட்டி நிறுத்தி, தோளிலும் இடுப்பிலும் துணிப்பட்டையால் குறுக்கே கட்டினார். மேல்முனை ஹெல்மெட்டுக்குக் கீழேயே அடங்கிவிட்டது, கீழ்முனை சீட்டைத் தொடவில்லை.

"மூச்சு விட முடியுதா அண்ணே?"

"அதை முதல்ல குச்சிக்குக் கேளு."

அன்று அவர் ஓட்டியதுபோல் ஜென்மத்தில் வண்டி ஓட்டியதில்லை. உலக்கையை விழுங்கியவர்போல் விறைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் கால்கம்பியில் எழுந்து நின்று, பள்ளத்துக்கெல்லாம் வழிவிட்டு ஓட்டினார். பின்னால் வந்த ஆட்டோக்காரர், "பெரியவரே, பொண்ணு பாக்கவா போறீங்க? சீக்கிரம் போங்க!" என்று கத்திவிட்டுப் போனார். வேறு நாளாயிருந்தால் பதில் பலமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தார். "உள்ள கம்பெல்லாம் கொண்டு போகக் கூடாதுங்க. யாரை அடிக்கப் போறீங்க?"

"யாரையும் இல்லப்பா. அடி வாங்கத்தான் போறேன்" என்றார் வாஷர். அந்த முகத்தைப் பார்த்துக் காவலாளி வழிவிட்டார்.

ரத்தம் எடுக்கும் அறையில் காலைக் கூட்டம் வடிந்திருந்தது. பஞ்சு ஊசிகள் வைக்கும் தட்டைத் துடைத்து, மேடத்தின் அறைப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹெல்மெட்டோடு, முதுகில் போர்வைக் கட்டோடு புருஷன் வந்து நிற்பதைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

"என்னங்க? முதுகுல என்ன? விழுந்துட்டீங்களா?"

"மேடம்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல, பேசணும்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கேன். இப்பத்தான் போக..."

"போகாத. முதல்ல இதை அவிழு."

அவிழ்த்தாள். அவர் மேல்துண்டை வாங்கி, பளபளவென்று நீண்டிருந்த எவர்சில்வர் மேசைமேல் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். அது நொண்டி நொண்டி ஓடியது. பஞ்சு பார்த்தாள். அவளே எடுத்து மறுபடி உருட்டினாள். மறுபடியும் நொண்டியது. ஒற்றைக் கண்ணை மூடி நுனிவரை பார்த்தாள், கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உன் கை இல்லம்மா. குச்சி. நீ ஈரமா கொடுத்தே, நான் காத்துக்கூடப் போகாம அடைச்சேன், வெயில்ல வெச்சேன். வெந்து போச்சு. எல்லாம் நான் பண்ணின வேலை. திட்டு. நல்லாத் திட்டு."

அவள் திட்டவில்லை. கோலை மேசைமேல் வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். விரல்களை விரித்தாள், மூடினாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். சந்தேகம் இன்னும் முழுதாகப் போகவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. கோல் வளைந்தது சரி, அந்தப் பாட்டிக்கு ரெண்டு தடவை குத்தியது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லலாம், ஆனால் சொன்னால் பேய் போய்விடுமா?

வாஷர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்தார். கையை மேசைமேல் நீட்டினார். அந்தக் கை வெடவெடவென்று ஆடியது.

"எடு" என்றார்.

"என்னங்க இது?"

"சர்க்கரை பாக்கணும்னு டாக்டர் சொல்லலையா? காலையில ஒண்ணும் சாப்பிடல. எடு."

"ஏங்க, ஊசியைப் பாத்தாலே மயக்கம் போடுவீங்க."

"போட்டா தண்ணி தெளி. எடுங்கிறேன்ல."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மேல்கையில் பட்டை இறுகியது. குளிர்ந்த பஞ்சு தடவியது. அவள் விரல் நரம்பைத் தேடி ஒரே இடத்தில் நின்றது. அவள் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. இவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இப்போ குத்தப் போறா, இதோ குத்தப் போறா என்று காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தார்.

"குத்தும்மா. நான் பொறுத்துக்கிறேன்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"பஞ்சை அழுத்திப் பிடிங்க" என்றாள் அவள்.

கண்ணைத் திறந்து பார்த்தார். மூடி போட்ட குப்பி, ரத்தம் நிரம்பி, பெயர்ச்சீட்டும் ஒட்டி, தட்டில் மற்றவற்றோடு வரிசையாய் நின்றது. பஞ்சுவின் கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் வாயெல்லாம் சிரிப்பு.

"எடுத்துட்டியா?"

"எப்பவோ."

"அடிப்பாவி, இத்தனை வருஷம் வீணா பயந்தேனே!"

மேடம் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னமோ பேசணும்னு சொன்னியே, என்ன விஷயம்?"

பஞ்சு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல மேடம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு சொல்லுவாங்கல்ல? சில சமயம் கூடம் நிஜமாவே கோணலாத்தான் இருக்கும்போல."

மேடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்தவரை அனுப்பச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வாசல்வரை வழியனுப்ப வந்தபோது பஞ்சு அவர் முதுகில் போர்வைக் கட்டைத் தானே மறுபடி கட்டிவிட்டாள். மேல்துண்டு மட்டும் புதிதாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம், அடித்துண்டு பழசே போதும் என்றாள்.

"இனிமே ஈரத்துணியால துடைக்க மாட்டேன். நீங்களும் அந்தக் குழாய்ல ரெண்டு பக்கமும் ஓட்டை போடுங்க, காத்து போகட்டும்."

"ஓட்டையா? நானா? குழாயிலயா?"

"ஆமா. பெருசாவே போடுங்க."

சாயங்காலம் வாஷர் வாசலில் உட்கார்ந்து, குழாயை மடியில் படுக்கவைத்து, டிரில்லை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்தார். இத்தனை வருஷமாய் ஊரிலுள்ள ஓட்டையெல்லாம் அடைத்தவர், தானே பெற்ற பிள்ளைபோல் செய்த குழாயில் முனையை வைத்ததும் கை கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது. எதிர்வீட்டில் மெஷினை நிறுத்திவிட்டு டெய்லர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வேனிலிருந்து இறங்கி வந்த பஞ்சு ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். கைப்பையைப் படியில் வைத்தாள். அவர் எதிரே உட்கார்ந்து, டிரில்லைப் பிடித்திருந்த அவர் கைமேல் தன் கையை வைத்தாள். அசையாமல் வைத்திருந்தாள். ஓட்டை நேராக விழுந்தது.